முப்பத்திரண்டு டிகிரி

2025 மே 6, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். கத்திரி வெயிலின் மூன்றாம் நாள். வானில் மேகம் பெயருக்குக்கூட இல்லை. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் மேல்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கல்வி அறக்கட்டளையின் கூட்ட அறையில் ஏசி இருபதில் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர் கோதண்டபாணி சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். திண்டிவனத்தில் உள்ள அறக்கட்டளைப் பள்ளியின் நீச்சல் குளத்துத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பதை அந்த அறையில்தான் முடிவுசெய்ய இருந்தார்கள்.

நீச்சல் பயிற்சியாளர் ஜெசிந்தா கேட்டது ஒரு கையெழுத்து. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்காக ஏப்ரல் 21 அன்று அவள் எழுதிய கடிதம் இன்னும் ‘பரிசீலனையில்’ இருந்தது.

செயலாளரின் மருமகன் பிரவீன்குமார் ஜனவரியில் பதினெட்டு நாள் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பி, அறக்கட்டளையின் தொழில்நுட்ப ஆலோசகராகப் பொறுப்பேற்றிருந்தான். அங்கே குளத்து நீரைச் சூடாக்குகிறார்கள் என்பதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். அப்போது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கத்தான் வேண்டும். அவனுடைய அறிக்கையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கு ஹீட்டர் வந்து இறங்கியது. முப்பத்திரண்டு டிகிரி என்று குறித்து, பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்கள். பகலில் வெயிலே தண்ணீரைக் காய்ச்சியதால் ஹீட்டருக்கு வேலை இல்லை. இரவில் தண்ணீர் தானாக ஆறத் தொடங்கும்போதுதான் அது விழித்துக்கொள்ளும். விடியும்வரை ஆறவிடாமல் காவல் காக்கும்.

பிரம்மதேசத்திலிருந்து முதல் பேருந்தில் வரும் அஸ்வினிக்கு அந்த விடியற்காலைதான் பயிற்சி நேரம். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் ஒரே மகள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவள். ஜூன் முதல் தேதி நடக்கும் மாநிலப் போட்டியில் நானூறு மீட்டரில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்குக் கல்லூரி. வராவிட்டால் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும் கூலி வேலை. சென்ற வாரம் அவள் இருமுறை பாதியில் கரையேறி வாந்தியெடுத்தாள். முண்டியம்பாக்கத்து மருத்துவர் பரிசோதித்துவிட்டு, பெண்ணிடம் குறையில்லை, தண்ணீரைக் குளிரவிடுங்கள் என்றார்.

ஜெசிந்தா இதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள்.

“காலையில என்னா சாப்ட்டுட்டு வருது அந்தப் பொண்ணு?” என்றார் கோதண்டபாணி.

“கேப்பைக் கூழு சார்.”

“அதான பார்த்தேன். வெறும் கூழைக் குடிச்சிட்டு வந்து குதிச்சா வாந்திதான் வரும். தண்ணி மேல பழியப் போட்டுக்கினு.”

உறுப்பினர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்தாள். அன்று காலை குளத்தில் மொண்ட தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள்.

“தொட்டுப் பாருங்க சார்.”

சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அது கிண்ணத்துக்குள் போயிற்று; திரும்பி வர மனமில்லாமல் அங்கேயே தங்கியது.

“இதமா இருக்குதே டீச்சர். டெய்லி நான் இந்தச் சூட்லதான் குளிக்கிறேன். பச்சத்தண்ணி ஊத்துனா புள்ளைங்களுக்குச் சளி புடிச்சிக்கும்.”

கிண்ணம் மேசையைச் சுற்றி வந்தது. குளிரில் விறைத்த விரல்கள் ஒவ்வொன்றாக அதில் இறங்கி ஆறுதல் அடைந்தன. அந்த அறையில் இருந்த ஒரே சுகத்தைத் தானே திண்டிவனத்திலிருந்து சுமந்துவந்து அவர்களுக்குப் பரிமாறிவிட்டது ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“குளிக்கிறது அஞ்சு நிமிஷம் சார். அவ ரெண்டு மணி நேரம் நீந்தணும்.”

“நான் ஜெர்மனில நீந்தியிருக்கேன் மேடம்,” என்றான் பிரவீன்குமார். “ஒரு பேஜாரும் இல்ல.”

“எவ்ளோ நேரம் நீந்துனீங்க சார்?”

“டைம் யாரு பார்த்தா.”

“அப்போ நம்ம குளத்துலயும் ஒரு மணி நேரம் நீந்திட்டு, எழுதிக் குடுத்துடுங்க. டெக்னிக்கல் அட்வைசரே நேர்ல டெஸ்ட் பண்ணாருன்னு ரெக்கார்டு இருக்கும்.”

ரெக்கார்டு என்ற சொல் கோதண்டபாணிக்குப் பிடித்துப்போயிற்று. “செஞ்சிடு மாப்ள,” என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாமாவும் மருமகனும் திண்டிவனம் வந்தார்கள். குளத்தில் மிதந்த வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது. பிரவீன்குமாரின் நீச்சல் தொப்பியில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நான்கு சுற்றுகளை அவன் செல்போன் கேமராவுக்காக நீந்தினான். ஆறாவது சுற்றில் கேமராவை மறந்தான். ஒன்பதாவதில் கைகள் தண்ணீரைத் தள்ளுவதை விட்டுவிட்டு அதனிடம் கெஞ்சத் தொடங்கின. பிறகு கரையைப் பிடித்துத் தொங்கினான். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

“மாமா, தல சுத்துது. தண்ணியா இது? கொதிக்குது.”

கோதண்டபாணி பதறிப்போனார். நாற்காலி வந்தது, விசிறி வந்தது, ஐஸ் போட்ட மோர் வந்தது. “ஜெர்மனிக் காத்து இங்க அடிக்கலியே, அதான் தம்பிக்கு ஒத்துக்கல,” என்று துப்புரவுப் பணியாளர் வீரம்மாள் யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா குனிந்து, அக்கறையோடு கேட்டாள்: “காலையில என்னா சாப்ட்டீங்க சார்?”

“நெய்ப்பொங்கல். ரெண்டு வடை.”

“கூழு இல்லீங்களே?”

கோதண்டபாணி அவளைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார். மூன்றாம் தடத்தில் அஸ்வினி இருபத்தாறாவது சுற்றை முடித்து, கரையில் நெற்றியைச் சாய்த்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். விசிறி அந்தப் பக்கம் திரும்பவில்லை. வீரம்மாள்தான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“இதுக்கு ஒரு ஆர்டர் போடணும். ஜல்தி,” என்றார் கோதண்டபாணி.

பள்ளி அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் ஆணை தயாரானது. தொழில்நுட்ப ஆலோசகர் தம் உடல்நலத்தையும் பொருட்படுத்தாது மேற்கொண்ட நேரடி ஆய்வில் கண்டறிந்து பரிந்துரைத்தவாறு, ஹீட்டர் உடனே நிறுத்தப்படும். குளத்தின் மேல் நிழல்வலை கட்டப்படும். நீரின் வெப்பம் இருபத்தெட்டு டிகிரிக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளப்படும். ஜெசிந்தாவின் ஏப்ரல் கடிதத்தில் இருந்த மூன்று கோரிக்கைகளும் அதே வரிசையில் இருந்தன. அவள் பெயர் மட்டும் இல்லை. ஒரு பெண் பதினேழு நாளாகப் பட்ட பாட்டுக்கு அசையாத காகிதம், ஒரு மருமகனின் பதினோரு நிமிடத் தலைசுற்றலுக்கு நகர்ந்துவிட்டது. அந்தப் பதினேழு நாளை எந்த ஆணையும் திருப்பித் தராது. போட்டிக்கு மீதி இருந்தவை இருபத்துநான்கு.

கோதண்டபாணி பச்சை மையில் கையெழுத்திட்டார். ஹீட்டர் சாவி விழுப்புரத்தில் இருப்பதாக இத்தனை நாளும் சொல்லியிருந்தார்கள். அது பிரவீன்குமாரின் கார்ச் சாவிக்கொத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கழற்றி ஆணையின் மேல் வைத்தான்.

“இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் முன்னாடியே எங்க கவனத்துக்குக் கொண்டாரணும் டீச்சர்,” என்றார் கோதண்டபாணி.

“சரிங்க சார்,” என்றாள் ஜெசிந்தா.

அவர் ஆணையையும் சாவியையும் நீட்டினார். அவள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.