இரண்டாம் இலக்கப் பொத்தான்

அந்தக் காரின் ஓட்டுநர் கதவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, மூன்று சிறிய பொத்தான்கள் இருந்தன. ஒன்றாம் இலக்கத்தை அழுத்தினால் சீட் பின்னால் போய்த் தாழ்ந்தது. அது ஷோரூமில் கார் விற்கும் ஷாமிலின் அளவு. மூன்றாவதை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதை நான் வெறும் ஆர்வத்தில்தான் அழுத்தினேன். சீட் முன்னால் வந்தது, மேலே எழும்பியது, முதுகு நிமிர்ந்தது. ஸ்டியரிங் இறங்கியது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் தலையைக் குனிந்துகொண்டன. எல்லாம் அசைந்து முடிந்தபோது என் பழைய காரில் இருப்பது போலவே இருந்தேன்.

“இது ஆற்ற தம்பி?” என்று கேட்டேன்.

“எது மெடம்?”

“இந்த ரெண்டாம் நம்பர். ஆரோ தங்கட அளவுக்கு வைச்சிருக்கினம்.”

ஷாமில் உதட்டைப் பிதுக்கினான். “டெமோ கார்தானே மெடம். எத்தின பேர் ஓட்டி ஈக்கிறாங்க. யாராவது தெரியாம அழுத்தி வெச்சிருப்பாங்க.”

தெரியாமல் அழுத்தினால் அது பதியாது. இன்னொரு பொத்தானையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். யாரோ ஒருத்தி இங்கே வந்து, தனக்கு எது வசதி என்று ஆற அமரப் பார்த்து, அதை இந்தக் காரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒருத்தி என்றுதான் எனக்கு உடனே தோன்றியது.

நான் வாங்க இருந்தது ஒன்றில் இந்தக் கார், அல்லது இதே ரகத்தில் ஒரு பிராண்ட் நியூ. இறக்குமதித் தடை நீங்கியதிலிருந்து கொழும்பில் யாரைக் கண்டாலும் கார்க் கதைதான். டெமோ கார் நீலமும் சாம்பலும் கலந்த நிறம். ஷோரூமுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது, விலை குறைவு, நாளைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். புதியது கப்பலில் வர மாதக்கணக்காகும். நிறத்தை நாங்களே சொல்லலாம். ஆனால் வந்திறங்கும்வரை அதைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது.

அதிவேகப் பாதையிலேயே நூறு கிலோமீற்றரைத் தாண்டக்கூடாத நாட்டில், ஐம்பது கடந்த ஒருத்திக்கு இவ்வளவு வேகமான கார் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். முதல் தடவை ஓட்டிப் பார்த்த அன்று, கொட்டாவையில் அதிவேகப் பாதைக்கு ஏறும் வளைவு முடிந்ததும் ஷாமில், “இப்ப அழுத்துங்க மெடம், பயப்படாம,” என்றான். அழுத்தினேன். வயிற்றுக்குள் ஏதோ ஒன்று பின்தங்கி நின்று, பிறகு ஓடிவந்து என்னோடு சேர்ந்துகொண்டது. மகிழ்ச்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் எனக்குத் தெரிந்த எந்த மகிழ்ச்சியின் சாயலும் அதில் இல்லை. அது என்னவென்று அறிய வேண்டும் போலிருந்தது. அதற்காகவே பிறகும் சில தடவைகள் போய் ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாம் இலக்கத்தை அழுத்திவிட்டுத்தான்.

என் வேலை ஒரு தனியார் மருத்துவமனையில், இருட்டறையில் இருந்து ஸ்கான் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது. நோயாளிகளின் முகங்கள் எனக்குத் தெரியாது. அவர்கள் விட்டுச்சென்ற நிழல்கள் தெரியும். அந்த நிழல்களைப் பற்றியும் நான் உறுதியாக ஒன்றும் சொல்வதில்லை. ‘இவ்வாறு இருக்கச் சாத்தியமுண்டு’, ‘ஏனைய பரிசோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது’ என்று எழுதுவேன். முடிவெடுப்பது வேறு யாரோ. அது தொழில் கற்றுத் தந்த கவனம் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டிலும் நான் அப்படித்தான் கதைக்கிறேன் என்பதை இந்தக் கார் விஷயத்தில்தான் கண்டேன்.

“கண்டவன் நிண்டவன் எல்லாம் மிதிச்ச கார், சுபோ,” என்றார் சிவபாலன். என் கணவர். எங்கள் தொலைக்காட்சியின் ரிமோட்டுக்கு இன்னும் பொலித்தீன் உறை போட்டு வைத்திருப்பவர்.

“மிதிச்சாத்தானேயப்பா ஓடும்.”

“பகிடி விடாதையும். எஞ்சின் சூடாக முந்தியே ஏறி மிதிச்சிருப்பாங்கள். உம்மட ஒரு ஸ்கானிலயும் அது தெரியாது. புதுசெண்டா நாங்கள்தான் முதல். வெள்ளையா எடுப்பம். விக்கேக்கை நல்ல விலை போகும்.”

“வாங்க முந்தியே விக்கிறதோ?”

“அப்ப என்னதான் சொல்லுறீர்?”

“ரெண்டிலயும் நல்லதும் இருக்கு…” என்று தொடங்கினேன்.

“இது கதையில்லை. எதெண்டு சொல்லும்.”

அவர் வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனியில் துவாயை உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்று யோசித்தேன். புத்தம் புதியவை எல்லாம் எனக்கு ஒரே விதமாகத்தான் வந்திருக்கின்றன. யாரோ தெரிவுசெய்து, உறை பிரித்து, இனி இதோடு பழகிக்கொள் என்று தந்தவை. படிப்பு, இந்த வீடு, ஒரு படத்தில் மட்டும் பார்த்திருந்த சிவபாலன். குறையாகச் சொல்லவில்லை, பழகிக்கொண்டேன், பிடித்தும் போயிற்று. ஆனால் ஒன்றை முதலில் அறிந்து, அறிந்த பிறகு வேண்டும் என்று சொல்வது எப்படி இருக்கும்?

அதனால்தான் என் மனம் டெமோ காரின் பக்கம் சாய்ந்தது. அதைவிட, அந்த இரண்டாம் பொத்தான்காரி. ஒரு ஸ்கான் படத்தைப் பார்ப்பதுபோல் அவளையும் மனதுக்குள் படித்துவிட்டிருந்தேன். உயரம் குறைந்தவள். முதுகு நேராக, நெஞ்சோடு ஸ்டியரிங்; பயந்து பயந்து ஓட்டுகிறவள். ஸ்டியரிங் அவ்வளவு பதிந்திருப்பதால் தோள் மூட்டு இறுகியிருக்கச் சாத்தியமுண்டு. கண்ணாடிகள் குனிந்து வீதியோரத்தைப் பார்ப்பதால், எங்கேயாவது உரசிவிடுவேனோ என்ற கவலை. பக்கத்தில் கணவர் இருந்து “மெல்ல, மெல்ல” என்று சொல்லியிருப்பார். ஓட்டிப் பார்த்தாள், ஆசைப்பட்டாள், வாங்காமல் போனாள். மொத்தத்தில், என்னைப் போன்ற ஒருத்தி. அவள் விட்டுப்போனதை நான் எடுத்தால் என்ன?

சனிக்கிழமை காலை ஷாமில் அழைத்தான். “மெடம், டெமோவுக்கு இன்னொரு ஆள் வந்து ஈக்கிறாங்க. நீங்கதான் முதல்ல கேட்டது, அதனால உங்களுக்குத்தான் முதல் சான்ஸ். இண்டைக்கே முடிவு சொல்லணும் மெடம்.”

சிவபாலனும் நானும் பாமன்கடைப் பாலத்தைத் தாண்டி ஷோரூமுக்குப் போனபோது, நீலக் காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கறுப்பு அபாயா, ஓடுகிறவர்கள் போடும் சப்பாத்து, கையில் கொத்தாகச் சாவிகள். என் தோளளவு உயரம். பொனட்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்த விதம், கார் ஏற்கெனவே அவளுடையது என்பதுபோல் இருந்தது.

“நீங்கதானா அந்த டொக்டர்?” என்றாள். “ஷாமில் சொன்ன. என்ட பேர் லுத்பியா. தெஹிவளையில கலியாணச் சாப்பாடு செஞ்சி குடுக்கிற. நீங்க வேணாம் எண்டா நான் எடுக்க.”

பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் வேறொன்றைக் கேட்டேன். “ரெண்டாம் நம்பர் பொத்தான் உங்கடயோ?”

“ஓ, என்டதான். ஏன், அழிச்சிட்டீங்களா?”

“இல்லை, இல்லை. உங்களுக்குத் தோள்மூட்டில ஏதும் வருத்தமோ?”

“தோளா?” அவள் தன் தோளைத் தானே ஒரு தட்டுத் தட்டினாள். “புரியாணிச் சட்டி தூக்கிற தோள் இது. கல்லு மாதிரி ஈக்கி.”

“அப்ப ஏன் ஸ்டியரிங்கை அவ்வளவு பதிச்சு, கண்ணாடியையும் குனிச்சு…?”

“நான் வாப்பாட வேன்ல பழகின டொக்டர். வேன்ல அப்பிடித்தானே. மேல இருந்து, ஸ்டியரிங்க மடியில வெச்சிக்கிட்டு ரோட்டப் பாக்கிற. கண்ணாடியில பின் டயர் தெரியணும். தெஹிவளை ஒழுங்கையில டயர் தண்ணி ஓடுற காணுக்குள்ள விழுந்தா ஆர் தூக்கிற? இந்தக் கார் பள்ளத்தில கெடக்கு. ஏத்தி வெச்சாத்தான் எனக்கு வாகனம்.”

ஷாமில் சிரித்தான். “இவங்க ஓட்டினா நான் கண்ண மூடிக்கிற மெடம்.”

என் அறிக்கையில் உயரத்தைத் தவிர ஒரு வரியும் சரியில்லை. ஒரே நிழல் பல காரணங்களால் விழும் என்று மாணவர்களுக்கு வருடம் தவறாமல் சொல்கிறவள் நான். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, வேடிக்கையாக இருந்தது. அப்படியானால், அதே அளவில் இருக்கும் என் நிழலுக்கு என்ன காரணம்?

“வாங்க, ஒரு ரவுண்ட் போம்,” என்றாள் லுத்பியா. “நீங்க ஓட்டுங்க. என்ட காரை எடுக்கப் போற ஆள் எப்பிடி ஓட்டுறாண்டு நான் பாக்கணும்.”

சிவபாலன் தேநீரோடும் நிற அட்டைகளோடும் தங்கிவிட்டார். ஷாமில் பின் சீட்டில் ஏறினான். நான் வழக்கம்போல் இரண்டை அழுத்தினேன். காலி நகருக்குப் போகும் காலி வீதியைத் தாண்டி, கடலோர மெரின் ட்ரைவுக்கு வரும்வரை லுத்பியா வீதியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டொக்டர், நீங்க ஏன் என்ட சீட்ல இருக்கிறீங்க?”

“எனக்கு இதுதான் சரி. நான் எப்பவும் இப்பிடித்தான் இருக்கிறனான்.”

“முழங்கால் ஸ்டியரிங்கில முட்டுது. உங்கட கால் நீளம். ஆர் சொன்ன இப்பிடி இருக்கச் சொல்லி?”

யார் சொன்னது? ஓரமாக நிறுத்திவிட்டு யோசித்தேன். யாரும் சொல்லவில்லை. நான் கார் பழகியது வெள்ளவத்தையில் ஒரு ஓட்டுநர் பயிற்சிக்காரரின் பழைய காரில். அதன் சீட் துருப்பிடித்து, முன்னுக்கு வந்த இடத்திலேயே இறுகிப்போயிருந்தது. உயரமானவர்களும் கட்டையானவர்களும் அந்த ஓரிடத்தில் இருந்துதான் பழகினோம். பிறகு எனக்கு வந்த ஒவ்வொரு காரிலும் அதே இடத்துக்கு சீட்டை இழுத்துக்கொண்டேன். அதை என் அளவு என்று நம்பியிருந்தேன். துரு வைத்த அளவு அது.

சொன்னதும் லுத்பியா வாய்விட்டுச் சிரித்தாள். “அல்லாஹ்! தள்ளுங்க பின்னுக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம். இனிக் கீழ பதிங்க.”

சீட் பின்னால் போகப் போக, கைகள் நீண்டன. கால்களுக்கு இடம் வந்தது. அவ்வளவு காலமும் தொட்டிராத முதுகுப் பகுதியில் சீட் வந்து ஒட்டியது. அதன் வழியாக எஞ்சினின் நடுக்கம் முதுகெலும்புக்கு ஏறியது. வீதி முன்பைவிட அருகில் தெரிந்தது. பம்பலப்பிட்டிப் பக்கமாக ஒரு துண்டு வெறுமையாகக் கிடந்தது. அழுத்தினேன். சில வினாடிகள்தான், அதற்குள் முன்னே ஒரு முச்சக்கர வண்டி வந்துவிட்டது. ஆனால் இந்த முறை வயிற்றுக்குள் ஒன்றும் பின்தங்கவில்லை. எல்லாம் என்னோடு ஒன்றாகவே புறப்பட்டது. முன்பு பின்தங்கியது எது? அதை இன்னும் அறிய முடியவில்லை. வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. இது. இந்த நீலக் கார்.

“சாய்,” என்று லுத்பியா மெல்ல உச்சுக்கொட்டினாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது.

ஷோரூமில் சிவபாலன் எழுந்து வந்தார். “எப்பிடி?”

லுத்பியா என்னைப் பார்த்தாள். “அப்ப? எடுக்கிறீங்களா, விடுறீங்களா?”

“பாப்பம்…” என்றேன். “உங்களுக்கும் ஆசையெண்டா…” என் வாய் தனக்குப் பழகிய பாதையில் போய்க்கொண்டிருந்தது.

சிவபாலனுக்கு வழி திறந்துவிட்டது. “அவ எடுக்கட்டும், சுபோ. நாங்கள் புதுசை ஓடர் பண்ணுவம். எல்லாருக்கும் நல்லது.”

உண்மைதான். எல்லோருக்கும் நல்லது. லுத்பியாவின் முகம் மலரத் தொடங்கியிருந்தது. ஷாமில் இரண்டு கார் விற்ற மகிழ்ச்சியோடு பேனாவை எடுத்தான். நான் பேசாமல் இருந்தாலே போதும். காரியம் தானாக முடிந்துவிடும். என் வாழ்க்கையின் பெரிய காரியங்கள் பல அப்படித்தான் முடிந்திருந்தன. விட்டுக்கொடுத்தாள் என்று நல்ல பெயரும் கிடைக்கும்.

“இல்லை,” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. “நான் எடுக்கிறன். இதைத்தான்.”

சிவபாலன் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை, இவ்வளவு நாளும் வீட்டில் இருந்த ஒரு கதவை இன்றுதான் கண்டதுபோல. லுத்பியா சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

“சீட்டப் பின்னுக்குத் தள்ளச் சொன்னது என்ட பிழை,” என்றாள். பிறகு, “சும்மா சொல்லல டொக்டர். எனக்கு இது வேணும்தான் ஈந்திச்சி.”

“தெரியும்,” என்றேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. கேட்காமல் நிற்பது எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் நிற்க முடிந்தது.

“ஷாமில்,” என்று அவள் திரும்பினாள், “புதுசில மஞ்சள் ஈக்கா? நல்ல மஞ்சள். டொக்டர்ட கண்ணில குத்தணும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை காரைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். டயர்களுக்குக் கீழே தேசிக்காய்களை வைத்துக்கொண்டே ஐயர், “புது வாகனமோ?” என்று கேட்டார். சிவபாலன் ஒரு கணம் தடுமாறினார். “இவவுக்குப் புதுசு,” என்றார். நான் ஏறி மெல்ல நகர்த்தினேன். தேசிக்காய்கள் நசிந்த சத்தம் சிவபாலனுக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். வரும் வழியில், ஒரு தடவை தானும் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். இப்போது ஒன்றாம் பொத்தான் அவருடையது. மூன்றில் என் அளவு இருக்கிறது.

இரண்டை நான் அழிக்கவில்லை. சில காலைகளில் வேலைக்குப் போகுமுன் மெரின் ட்ரைவில் ரயில் பாதையோரமாக நிறுத்தி, அதை அழுத்திப் பார்ப்பேன். சீட் என்னை முன்னால் தள்ளி மேலே தூக்கும். முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டும். என் இடத்திலிருந்து பார்த்தால் தண்டவாளத்துக்கு மேலே கடல் ஒரு கோடு மட்டுமே. லுத்பியாவின் இடத்திலிருந்து பார்த்தால் பாறைகளும் தெரிகின்றன. அவற்றில் அலை ஏறி வழிவதும் தெரிகிறது. என் அளவென்று நம்பி இந்த இடத்தில் இருந்தபோதும் இதெல்லாம் முன்னால் இருந்திருக்க வேண்டும். அப்போது நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

தெஹிவளைப் பக்கமாகப் போகும் ரயில் கடந்து முடியும்வரை அப்படியே இருந்துவிட்டு, மூன்றை அழுத்தி என் இடத்துக்கு இறங்கி, வேலைக்குப் போவேன்.