லாரிக் கண்ணாடி

மேகலா கட்டுரையில் பெயரை மாற்றித்தான் எழுதினாள். செங்கமலத்தை ராசாத்தி ஆக்கினாள். உடையார்பாளையம் பக்கத்து ஊரை வெறும் 'ஒரு கிராமம்' ஆக்கினாள். கண்ணாடியை மட்டும் விட்டுவைத்தாள். செங்கமலத்தின் புருஷனை அடித்துப்போட்ட சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து தெறித்து விழுந்த பக்கக் கண்ணாடி அது. அதை வீட்டுச் சுவரில் மாட்டி, அதன் முன்னால்தான் அவள் தினமும் மகள் அபிநயாவுக்குத் தலை பின்னுவாள். இப்படி ஒரு விவரம் கிடைத்தால் எந்தக் கட்டுரைக்காரிக்குத்தான் விட மனசு வரும்? பத்திரிகை ஆசிரியரும், "எதை வேணா வெட்டுங்க, கண்ணாடியில மட்டும் கை வெக்காதீங்க" என்றுவிட்டார்.

கட்டுரை போன் போனாகப் பறந்தது. பெரம்பலூரில் ஒரு கல்லூரியில், உண்மைச் சம்பவத்தைக் கதைபோல எழுதுவது பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். "ஒரு வரி பொய் கலந்தாலும் நாம பத்திரிகைக்காரங்க இல்ல" என்று மேகலா மேசையைத் தட்டிச் சொன்னாள். கைதட்டலில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்தால் செங்கமலத்தின் போன்.

"அபிநயா படிச்சுட்டாம்மா. நாலு நாளா எங்கிட்ட பேச மாட்டேங்குறா."

விபத்தன்று புருஷன் குடித்திருந்தான் என்று செங்கமலம் போலீசில் கையெழுத்துப் போட்டவள். போட்டால் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையில் வேலை வாங்கித் தருவதாக லாரி முதலாளி சொல்லியிருந்தார். அந்த மனுஷன் ஆயுசில் குடித்தவனே இல்லை. "பேரு வராதுல்ல?" என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டுதான் அவள் இதையெல்லாம் சொன்னாள். பெயர் வரவில்லைதான். ஆனால் அந்தக் கண்ணாடி முன்னால் தினமும் உட்காருகிற பெண்ணுக்குத் தெரியாமல் போகுமா? இந்தச் சின்னக் கணக்குகூட மேகலாவுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வெட்டியிருப்பாளா என்று அரியலூர் பஸ்ஸில் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

செங்கமலத்தின் வீட்டுச் சுவரில் கண்ணாடி இல்லை. அபிநயா கழற்றி எறிந்துவிட்டாளாம். செங்கமலம் திட்டியிருந்தால்கூடத் தேவலை; டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு ஒத்தாசைம்மா. அந்தக் கையெழுத்துச் சமாச்சாரம் நீங்களா சேத்து எழுதுனதுன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

காலையில் தட்டிய மேசை மேகலாவுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் சரியென்று தலையாட்டினாள்.

பள்ளிக்கூடம் விட்டு அபிநயா வந்தாள்.

"பாப்பா, அம்மா கையெழுத்துப் போட்டாங்கன்னு எழுதுனது நெசமில்ல. படிக்க நல்லா இருக்கும்னு நானா சேத்துட்டேன்" என்றாள் மேகலா, தரையைப் பார்த்துக்கொண்டே.

அபிநயா பையைக்கூட இறக்கவில்லை.

"அப்ப எங்கப்பா குடிச்சதே இல்லன்னு எழுதுனீங்களே, அதும் நீங்களா சேத்ததாக்கா? ஸ்கூல்ல என்னைக் குடிகாரன் மகள்னு சொன்னவங்களுக்கெல்லாம் அதைத்தானே காட்டுனேன்."

மேகலா செங்கமலத்தைப் பார்த்தாள்.

செங்கமலம் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவங்க ஒண்ணும் சேக்கலடி. ஒங்கப்பா குடிக்கல. குடிச்சாருன்னு கையெழுத்துப் போட்டது நாந்தான்."