கழற்றிய சாமான்

வந்த மனிதர் காரை விட்டு இறங்கும்போதே சண்டைக்கு ஆயத்தமாகத்தான் இறங்கினார். வவுனியாவில் மன்னார் வீதியோரம் நளீர் தன் ஏசி கராஜைத் திறந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் விதவிதமான ஆட்களைப் பார்த்துவிட்டான். ஆனால் வணக்கம் சொல்லுமுன்னமே, "பெயின்ரில ஒரு கீறல் விழுந்தாலும் நான் சும்மா போகமாட்டன்" என்றவர் இவர்தான் முதல் ஆள்.

பெயர் முத்துலிங்கமாம். கிளிநொச்சியிலிருந்து வருகிறாராம். கொண்டு வந்தது பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார். கடும் பச்சை. துடைத்துத் துடைத்தே பாதி ஆயுள் போயிருக்கும், அப்படி மினுங்கியது. உள்ளே யாரோ ஒரு காலத்தில் ஏசி பூட்டியிருந்தார்கள்.

"மகளுக்கு அடுத்த கிழமை கலியாணம். மாப்பிள்ளை கனடா. உந்த வெக்கையில ஏத்தி இறக்கேலாது. பழைய கொம்பிரசரை மாத்திப் புதுசு பூட்டித் தாரும்."

"அருமையான கார். எங்க எடுத்தனீங்கள்?"

"எங்கட அப்பு வாங்கினது. பரம்பரைச் சொத்து." அதைச் சொல்லும்போது நெஞ்சு ஒரு அங்குலம் முன்னுக்கு வந்தது. "ஒரு கதை. கழட்டிற சாமான் ஒரு ஆணி விடாமல் எனக்குத் திரும்ப வேணும். எண்ணித்தான் எடுப்பன்."

கழற்றியதைத் திருப்பிக் கேட்பது வன்னிச் சனத்தின் பழக்கம்தான். பத்து வருஷத்துக்கு மேலாகப் பொருளாதாரத் தடைக்குள் கிடந்து, செத்த பற்றறியைக்கூட வெயிலில் காயவைத்து உயிர்கொடுத்த ஆட்கள். ஒரு வாசரையும் எறியமாட்டார்கள். நளீருக்கு அது தெரியும். ஆனால் இவர் கேட்ட விதம் கள்ளனிடம் கணக்குக் கேட்பதுபோல இருந்தது. "ஒரு ஆணி விடாமல் தாறன்" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

பொனற்றைத் திறந்து, குழாயைக் கழற்றியதும் வாசனை மூக்கில் அடித்தது. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தான்.

"இதுக்குள்ள தேங்காயெண்ணெய் விட்ட புண்ணியவான் ஆர்?"

"நான்தான். ஏன்?"

"ஏனோ? மார்கழிப் பனிக்கே போத்தலுக்குள்ள உறையிற சாமான். அதைக் கொண்டுபோய்க் குளிரிற மெசினுக்குள்ள விட்டால் என்ன நடக்கும்? கட்டிபட்டு எல்லாத்தையும் அடைச்சுப்போட்டு நிக்குது."

"தடைக்குள்ள நாங்கள் மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஓட்டினனாங்கள், தெரியுமோ? கடைக்கு முன்னால கடையிருக்கிற ஊரில குந்தியிருந்துகொண்டு எங்களுக்குப் படிப்பிக்க வெளிக்கிடாதையும். வேலையைச் செய்யும்."

"நாளைக்குப் பின்னேரம் வாங்கோ" என்றான் நளீர். அவர் போனபிறகு கையிலிருந்த ஸ்பானரை நிலத்தில் எறிந்தான். அதற்கு மேல் எறிய வேறொன்றும் அகப்படவில்லை.

மத்தியானத்துக்குள் பழைய கொம்பிரசர் இறங்கிவிட்டது. இரண்டு சிலிண்டர், நெல்லுமூட்டைக் கனம். ஜப்பான் வானொன்றில் கழற்றிய சின்னக் கொம்பிரசரைப் பூட்டப்போகிறான். அதற்குப் புதுத் தாங்கி வேண்டும். பழையதை என்ஜினோடு பிடித்திருந்த தடித்த இரும்புத் தாங்கியைக் கழற்றி, அழுக்குப் போகப் பெற்றோலில் கழுவினான். உட்பக்கத்தில் ஏதோ குத்தியிருந்தது. துணியால் துடைத்தான்.

786. பிஸ்மிக்காக முஸ்லிம்கள் வண்டி வாகனத்தில் எழுதும் எண். கடைசி ஆறு ஒருமுறை தவறிக் குத்துப்பட்டு, அதற்கு மேலேயே இன்னொரு ஆறு விழுந்திருந்தது.

அந்த இரண்டு ஆறும் நளீரின் கைப்பட விழுந்தவை. எண்பத்தெட்டில் கொழும்பில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, வாப்பாவின் காருக்காக அவனே வெட்டி ஒட்டிய முதல் தாங்கி. உம்மாவுக்கு மூச்சிழுப்பு வருத்தம். கண்ணாடியை இறக்கினால் முல்லைத்தீவு ரோட்டுப் புழுதி ஆகாது. அதற்காகத்தான் வாப்பா சேகு முகைதீன் காருக்கு ஏசி பூட்டினார். அப்போது அந்தக் கார் வெள்ளை.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நளீர் அப்போது கொழும்பில். சொந்த ஊரான தண்ணீரூற்றிலிருந்து வாப்பாவும் உம்மாவும் நடந்தே வெளியேறினார்கள். காரை, தன் கருவாட்டுக் கிட்டங்கியில் எழுத்துவேலை பார்த்தவரிடம் வாப்பா ஒப்படைத்தார்: "ரெண்டு கிழமையில வந்திடுவன், பார்த்துக்கொள்ளும்." இழுப்போடு அவ்வளவு தூரம் நடந்த உம்மா, புத்தளம் முகாமில் அடுத்த வருஷமே மவுத்தாகிப்போனா. சமாதானம் வந்து பாதை திறந்ததும் வாப்பா ஊர்ப்பக்கம் போய் அந்த மனிதரைத் தேடிப் பிடித்தார். கார் ஷெல் விழுந்து எரிந்துபோனதாம். ஊரில் பாதிச் சொத்து எரிந்து கிடந்த காலம், யார் சந்தேகப்படுவார்கள்? வாப்பா அவரைக் 'கிளாக்கர்' என்றே சொல்வதால், நளீருக்கு அவருடைய பெயரும் தெரியாது, முகமும் தெரியாது.

காரின் நிறம் மாறியிருந்தது. நம்பரும் வேறு, சண்டைக்காலத்தில் ஒரு காரின் உடம்பும் செத்த இன்னொரு காரின் பதிவுப் புத்தகமுமாக எத்தனையோ ஓடின. தாங்கியின் உட்பக்கத்தை மட்டும் எவரும் திருப்பிப் பார்க்கவில்லை. வாப்பாவின் காரைப் பரம்பரைச் சொத்தென்று சொன்ன மனிதர் அந்தக் கிளாக்கரைத் தவிர வேறு யாராக இருக்கமுடியும்?

அன்று பொழுதுபட வீட்டில் வாப்பாவிடம் மெல்லக் கேட்டான். "எங்கட கார் எரிஞ்சதெண்டு கிளாக்கர் சொல்லேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

வாப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. முகத்தை மகனுடைய குரல் வந்த பக்கம் திருப்பினார். "நான் என்னத்தைச் சொல்லிறது? அந்த மனுசன் என்ர கையைப் பிடிச்சுக் குழறி அழுதுது. அங்க எங்களுக்கு வீடும் இல்லை, கடையும் இல்லை. கார் போனால் போகட்டும் மகன், அந்த ஊரில எனக்காக அழ ஒரு ஆள் மிஞ்சியிருக்கே. ஒவ்வொரு தொழுகையிலயும் அவருக்குத் துஆக் கேக்கிறனான்."

நளீர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பினான்.

மறுநாள் முழுக்க ஆத்திரத்தோடு வேலை செய்தான். ஆனால் வேலையைக் கெடுக்கவில்லை. கோபத்தைச் சாமானில் காட்டுகிறவன் மெக்கானிக் இல்லை. புதுத் தாங்கி வெட்டி, பெல்ட்டை நேருக்கு நேர் பிடித்து, உறைந்து கிடந்த எண்ணெயை எல்லாம் கழுவி, காற்றை உறிஞ்சி, காஸ் அடித்தான். மூன்றரைக்கு என்ஜினை எழுப்பியபோது உள்ளே குளிர் கொட்டியது. பழைய சாமான்களை ஒரு சாக்கில் கட்டினான். தாங்கியை மட்டும் மேசைக்குக் கீழே வைத்தான்.

முத்துலிங்கம் வந்தார். குளிரைத் தொட்டுப் பார்த்தார். நன்றி என்ற சொல் அவர் வாய்க்குப் பழக்கமில்லைப் போல. சாக்கை அவிழ்த்துக் கொட்டி எண்ணத் தொடங்கினார். கொம்பிரசர், பெல்ட், குழாய் இரண்டு, ஆணி ஏழு.

"தாங்கி எங்க?"

நளீர் கையைத் துணியில் துடைத்தான்.

"உமக்குத்தான் கேக்கிறன். தடித்த இரும்பு. எங்க?" குரல் உயர்ந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். "ஒரு ஆணி விடாமல் எண்டு சொல்லித்தானே தந்தனான்? களவெடுக்கிறதுக்கு உமக்கு இந்தக் கிழட்டு இரும்பே கிடைச்சது? உங்கட ஆக்களை நம்பினது என்ர பிழை."

நளீர் குனிந்து தாங்கியை எடுத்தான். உட்பக்கத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"வாசியுங்கோ. உங்கட அப்பு குத்துவிச்சதோ?"

முத்துலிங்கம் பார்த்தார்.

"ரெண்டு ஆறு. பிழையாக் குத்தினது நான்தான். கிளாக்கரய்யா, அழுதீங்களாம் எண்டு கேள்விப்பட்டன். நல்லாத்தான் அழுதிருக்கிறியள்."

"நீர்… முதலாளின்ர மகனே?" குரல் தேய்ந்துபோனது. பிறகு பிடிபட்டவனுக்கு வரும் கோபம் அவருக்கும் வந்தது. "திரும்பி வருவியள் எண்டு ஆர் கண்டது? பன்னிரண்டு வருஷம்! இடம்பெயரேக்க பிள்ளையளை நடக்க விட்டிட்டு இந்தக் காரை நான் தள்ளிக்கொண்டு போனனான். நான் இல்லாட்டி இது உண்மையாவே எரிஞ்சிருக்கும்!"

"அப்ப ஏன் எரிஞ்சதெண்டு சொன்னனீங்கள்?"

முத்துலிங்கம் கார்க் கதவில் கையை வைத்தார்.

"நாலு மணிக்கு வாப்பா எனக்குப் பிளேன்ரீ கொண்டு வருவார். அவற்ற முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன். கார் இந்த வாசலைத் தாண்டாது."

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு கையில் பிளேன்ரீப் பிளாஸ்க்கும் மறுகையில் பொல்லுமாக வாசலில் வாப்பா நின்றார்.

"ஆர் அது, மகன்? இந்தக் குரல்… கிளாக்கரோ?"

பொல்லை விட்டுவிட்டு, கையை நீட்டிக்கொண்டு வந்து முத்துலிங்கத்தைக் கட்டிப்பிடித்தார். "பார்த்தியா நளீர், நான் சொன்னன் எல்லோ! தேடி வந்திட்டார் மனுசன்!" முத்துலிங்கத்தின் கைகள் இரண்டு பக்கமும் மரக்கட்டையாகத் தொங்கின.

"கார் வச்சிருக்கிறீரோ?" வாப்பா கூரையின் விளிம்பைத் தடவினார். "ஒஸ்ரின் எல்லோ இது! என்ர கார் எரிஞ்சதுக்கு நீர் அழுத அழுகைக்கு அல்லாஹ் உமக்கு அதேபோல ஒண்டைத் தந்திட்டான்." கதவைத் தேடித் திறந்து பின்சீற்றில் ஏறிக்கொண்டார். "ஆ… என்ன குளிர்! எங்கட காரில இவ்வளவு இல்லை. நளீர், உம்மா இதில இருந்திருந்தால்…"

நளீருக்கு உடம்பெல்லாம் பற்றியது. ஒரு சொல் போதும். சொன்னால் கார் திரும்பிவரும். ஆனால் அந்த ஊரில் வாப்பாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஒரு மனிதன் இந்த நிமிஷத்தில் எரிந்துபோவான். புரை மூடிய அந்தக் கண்களில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தான். முத்துலிங்கத்தைப் பார்த்தான். அந்த மனிதருக்கும் தெரிந்திருந்தது. அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதலாளியை வீட்டில இறக்கிப்போட்டுப் போங்கோ" என்றான் நளீர்.

முத்துலிங்கம் தட்டுத் தடுமாறி டிரைவர் சீற்றில் ஏறினார். நளீர் சாக்கை டிக்கியில் போட்டான். தாங்கியைக் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தான்.

"வேண்டாம் தம்பி." குரலைத் தாழ்த்தினார். "இது இஞ்சயே கிடக்கட்டும்."

"எண்ணிக் கேட்டனீங்கள் எல்லோ. கொண்டு போங்கோ."

"என்ன மகன் அது?" என்றார் பின்சீற்றிலிருந்து வாப்பா.

"அவற்ற பழைய சாமான் வாப்பா. விட்டிட்டுப் போகப் பார்க்கிறார்."

"குடுத்திடு, குடுத்திடு" என்றார் வாப்பா, குளிரில் நன்றாகச் சாய்ந்துகொண்டு. "பிறத்தியாற்ற பொருள் எங்களுக்கு எதுக்கு?"