பாலத்துக்குக் கீழ புடிச்ச மீன்

கேளுடி, லீடா. கூட்டத்துல மீன் ஆபீஸ் அம்மா காட்டுன மேப்பை மாத்தவே இல்ல. சுவர் முழுக்க எங்க ஆறு. பாலத்துக்குக் கீழ மட்டும் அம்மை போட்ட மாதிரி மஞ்சப் புள்ளி. அதுல பாதி நான் போன்ல சொன்னது.

உங்க ஊர்ல இது இல்லேல்ல, சொல்றேன். மீன் ஆபீஸ்காரங்க பாஸ்ங்கிற மீனைப் புடிச்சு, முதுகுல நம்பர் போட்ட மஞ்ச டேக் குத்தி, திரும்ப ஆத்துல விட்டிருக்காங்க. அது நம்ம தூண்டில்ல மாட்டுனா, டேக்கை வெட்டி எடுத்துட்டு போன் போட்டு, நம்பரும் புடிச்ச இடமும் சொல்லணும். நூறு டாலர் வரும். அப்பா படகுல ஆளுங்களை மீன் புடிக்கக் கூட்டிட்டுப் போறவராச்சே, அவருக்குத்தான் அடிக்கடி மாட்டும். போன் பண்றது என் வேலை.

"எங்கன்னு சொல்லட்டும்பா?"

"பாலத்துக்குக் கீழன்னு சொல்லு."

இங்க யாரு கேட்டாலும் அதான் பதில். பாஸ்டர் கேட்டாலும் அதான். மீன் கிடைக்கிற இடத்தை எவன் வெளிய சொல்லுவான்?

இன்னிக்கு சாயங்காலம் தீயணைப்பு ஹால்ல கூட்டம் போட்டு, ஆபீஸ்லேருந்து வந்த மிஸ் ஓபர்ஹோல்ட்ஸ் சொல்றாங்க: "மீனெல்லாம் இங்கதான் கூடுது. அதனால அடுத்த வசந்தத்துலேருந்து, முட்டை போடுற மாசங்கள்ல பாலத்தடியில தூண்டிலே போடக்கூடாதுன்னு உத்தரவு வரப்போகுது."

என் ஃப்ரெண்டு டெஸ்ஸோட அம்மா ராண்டா எந்திரிச்சிட்டாங்க. பாலத்தடியில புழு விக்கிற கடை அவங்களோடது. படகு இல்லாதவங்கதான் அங்க நின்னு தூண்டில் போடுவாங்க. அவங்கள நம்பித்தான் கடையே ஓடுது.

"ஏம்மா, வருஷக்கணக்கா அங்கயே உக்காந்திருக்கேன். கெண்டையும் பழைய டயரும் தவிர அங்க எதுவும் மாட்டி நான் பாத்ததில்ல!"

"டேக் பொய் சொல்லாதுங்க."

"டேக் சொல்லாது. இந்தத் தடியனுங்க சொல்லுவானுங்க!"

ஹாலே சிரிச்சுது. அந்தம்மா சிரிக்கல. "யாராவது இடத்தை மாத்திச் சொல்லியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பரிசைத் திருப்பிக் கேக்க மாட்டோம்"னாங்க.

அத்தனை ஆம்பளைங்களும் அவங்கவங்க பூட்ஸைப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. நான் கொஞ்சம் அசைஞ்சேன், அப்பா என் முழங்கையைப் புடிச்சிட்டாரு.

வண்டியில கேட்டேன், "ஏம்பா சொல்லல?"

"சொன்னா நிஜ இடம் எதுன்னு கேப்பா. நான் மீன் புடிக்கிற அந்தப் பாறை மடு மேப்புல ஏறுச்சுன்னா, சனிக்கிழமை அங்க படகு விட இடம் இருக்காது. அப்புறம் எவன் காசு குடுத்து என் பின்னாடி வருவான்?"

"அப்ப டெஸ் வீட்டுப் பொழப்பு?"

"வேற எவனாவது சொல்லுவான், விடு."

"எல்லாரும் அதையேதாம்பா நினைச்சிட்டு உக்காந்திருந்தாங்க."

ரேடியோவைச் சத்தமா வச்சிட்டாரு.

தூக்கம் வரல. இப்பத்தான் டெஸ்கிட்டேருந்து மெசேஜ். அவங்கம்மா கடைக்குள்ள போயி கதவைச் சாத்திட்டாங்களாம். அதுக்குக் கீழ எழுதியிருக்கா:

"உங்க வீட்டுல நீதானே போன் போட்டுச் சொல்லுவ? நிஜமா சொல்லு, உங்கப்பா அந்த மீனெல்லாம் எங்கடி புடிச்சாரு?"