விளிம்பில் விழுந்த பந்துகள்

"பந்து எறியாத நாள்ல நீ யாரு, காலின்?" என்று தங்கை நோரா ஐந்து வயதில் ஒருமுறை கேட்டாள். சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பதினெட்டு வயதில், இந்தத் தவக்காலத்தில், அதை நினைத்தால் காலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வாரங்களாக அவனுடைய வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக் கிடந்தன. பள்ளி பேஸ்பால் அணியில் பந்து எறியும் முதல் பிட்சர் அவன். படிப்பில் சுமார், பேச்சில் கூச்சம். பந்து எறிவதற்காக மட்டுமே அந்த கான்சாஸ் சிற்றூர் அவன் பெயரை அறிந்து வைத்திருந்தது. இப்போது ஒரு கல்லூரி அவனைத் தன் அணிக்கு அழைத்திருந்தது. சனிக்கிழமை நண்பகலுக்குள் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை பள்ளி அரங்கில் எல்லோர் முன்னாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்து. கல்லூரியின் பச்சை நிறத்தில் அம்மா கேக்குக்குச் சொல்லிவிட்டாள். போன ஞாயிறு பூசை முடிவில் பாதிரியார் இதை அறிவித்தபோது கோவிலே கைதட்டியது.

அவன் தனியாகப் பக்கத்து ஊர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தது யாருக்கும் தெரியாது. முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இனியும் எறிந்தால் அந்த விரல்கள் திரும்பாமலே போகலாம் என்றார் அவர். கையெழுத்து முடியும்வரையாவது பொறுக்காதா என்று காலின் கெஞ்சினான். நரம்புக்குத் தேதி தெரியாதப்பா என்றார்.

அதனால் அவன் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். கையெழுத்துப் போட்டுவிடுவது. ஆகஸ்டில் கல்லூரிக்குப் போன முதல் வாரமே, இப்போதுதான் வலி வந்தது என்று சொல்லிவிடுவது. அந்தப் பொய்யைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தான்.

தவக்கால வெள்ளிகளில் இறைச்சி கூடாது என்பதால், வெள்ளிக்கிழமை மாலை கோவில் கூடத்தில் வழக்கமான மீன் விருந்து. இளைஞர்கள்தான் மீன் பொரிக்க வேண்டும். காலினின் கையிலிருந்து இடுக்கி இரண்டு முறை நழுவி விழுந்தது. அணியின் கேட்சர் எஃப்ரேன் பக்கத்தில் வந்து நின்றான். எறியும் பந்தை எதிரே குத்துக்காலிட்டுப் பிடிப்பவன் அவன்.

"நீ போய் முட்டைக்கோஸ் சாலட் கலக்கு. மீனெல்லாம் உன்னைப் பார்த்துப் பயப்படுது."

சொல்லிவிட்டு இடுக்கியை வாங்கிக்கொண்டான். கடவுள் பல நேரங்களில் இவ்வளவு சிறிய உருவத்தில்தான் வருகிறார். அவசரத்தில் நாம் கவனிப்பதில்லை.

கூட்டம் குறைந்த பிறகு இருவரும் பின்கதவுப் படியில் உட்கார்ந்தார்கள். எஃப்ரேனின் இடது கட்டைவிரல் வீங்கி, துணி சுற்றியிருந்தது.

"எத்தனை நாளா விரல்ல உணர்ச்சி இல்ல?" என்று கேட்டான் எஃப்ரேன்.

"யார் சொன்னா?"

"உன் பந்துதான். மூணு வாரமா ஒவ்வொண்ணும் ரெண்டு விரக்கடை தள்ளி விழுது."

பந்து கடந்தாக வேண்டிய கற்பனைக் கட்டத்தின் எல்லைக்குச் சற்று வெளியே வரும் பந்தைப் பிடிக்கும் நொடியிலேயே கையுறையோடு மெல்ல உள்ளே கொண்டுவருவது கேட்சரின் வித்தை. பின்னால் நிற்கும் அம்பயர் அதை நல்ல பந்து என்று சொல்லிவிடுவார். நன்றாகச் செய்தால் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. புகழ் எறிந்தவனுக்குப் போகும். மூன்று வாரமாக எஃப்ரேன் செய்துவந்தது அதைத்தான்.

கல்லூரிப் பயிற்சியாளர் ஆட்டம் பார்க்க வந்த அன்றுமா என்று காலின் கேட்டான். அன்றைக்குத்தான் ரொம்ப மோசம் என்று சிரித்தான் எஃப்ரேன்.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீ எறிவியா? உனக்கு அந்தக் காலேஜ் வேணும்னு தெரியும்."

"அப்ப உனக்கு?"

"எனக்கென்ன, ஜூன்லேருந்து அப்பாகூட இறைச்சி ஆலையில வேலை. மாடு அம்பயர்கிட்ட சண்டைக்குப் போகாது. நிம்மதி."

அவனை எந்தக் கல்லூரியும் அழைக்கவில்லை. அதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லாமல், அடுத்த தட்டு மீனைப் பார்க்க உள்ளே போனான்.

சனிக்கிழமை காலை காலின் கல்லூரியின் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தான். 'எல்லையின் விளிம்பில் இத்தனை பந்துகளை வைக்கும் பையனைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகின்றன' என்று பயிற்சியாளர் எழுதியிருந்தார். காலினுக்கு அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு பந்தும் நினைவிருந்தது. விளிம்பில் விழுந்ததாக அவர் எண்ணியவற்றில் ஒன்றுகூட அவனுடையது அல்ல.

பதினொன்றரை மணிக்குத் தானியக் கிடங்கின் பின்னால் வண்டியை நிறுத்தினான். திங்கட்கிழமை வரைக்கும் மட்டும் இந்த இரண்டு விரல்களைக் கொடு என்று ஜெபித்தான். ஜெபித்து முடித்ததும் வெட்கமாக இருந்தது. பிறகு எதுவும் கேட்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தான். பதினொன்று ஐம்பதுக்குப் பயிற்சியாளரை அழைத்தான்.

"கோச், நான் வரல. கை போயிடுச்சு. நீங்க பார்த்த அன்னிக்கே போயிருந்துச்சு."

கையெழுத்துக்கு முன்னால் இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை என்றார் பயிற்சியாளர். நன்றி என்றார். அழைப்பு முடிந்துவிடுமோ என்று காலின் பயந்தான்.

"இன்னொண்ணு கோச். அந்த ஆட்டத்தோட வீடியோவை மறுபடி பாருங்க. என்னைப் பாக்காதீங்க, அந்தக் கையுறையைப் பாருங்க. நீங்க எழுதினதெல்லாம் அவனோடது."

"உன் நண்பனா?"

"ஆமா. ஆனா அதுக்காகச் சொல்லல. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க."

எந்த வாக்கும் கொடுக்க முடியாது, ஆனால் இன்றைக்கே பார்க்கிறேன் என்றார் அவர். பையனின் பெயரைக் கேட்டார். எஃப்ரேன் சால்தானா என்று காலின் நிதானமாகச் சொன்னான். தான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

கிடங்கின் முற்றத்தில் சிந்திய கோதுமையைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. வேறு யாரும் இல்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல, காலின் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.