மறுப்புக் கடிதம் கேட்டு அலைந்த எவுஃபேமியா

1.

மனித உரிமை ஆணையத்துக்கு அனுப்பும் மனுப் படிவத்தில், 'உள்ளூர் நீதிமன்றத்தில் என்ன நடந்தது?' என்ற கேள்விக்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அடங்காமல் போனதே இந்தக் கதை. சான் பெர்னபே என்னும் கடலோர ஊரில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அந்தப் படிவத்தைத் தட்டச்சு செய்தவள் நான். கதை எழுதுவது இதுவே முதல் முறை. பிழை இருப்பின் வாசகர் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2.

முதல் தொடக்கம்: ஃபொன்சேகா வளைகுடாவின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை—

(நிறுத்திவிட்டேன். முழங்கால் அளவு சேற்றில் குனிந்து மட்டி தேடும் எங்கள் சங்கத்து எவுஃபேமியா கதிரவனை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: நீதி எனப்படுவது—

(இதையும். கல்லூரியில் படித்ததால் வந்த பழக்கம்.)

மூன்றாம் தொடக்கம்: எவுஃபேமியாவின் தம்பி எல்மெர் எட்டு மாதமாகச் சிறையில் இருக்கிறான். ஊரார் காலங்காலமாக மட்டி எடுத்துவந்த அலையாத்திக் காட்டை ஓர் இறால் பண்ணை வேலி போட்டு வளைத்துக்கொண்டது. அவன் வேலியைத் தாண்டி மட்டி எடுத்தான். அவன் கொடுத்த ஜாமீன் மனுவை நீதிமன்றம் ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

இதுவே இருக்கட்டும்.

3.

தலைநகரிலுள்ள மனித உரிமை அமைப்பின் வக்கீல் சியோமாரா தொலைபேசியில் விளக்கினாள்.

"உள்ளூர்ல எல்லாக் கதவையும் தட்டியாச்சுன்னு காட்டணும், எவுஃபேமியா. அப்பத்தான் வாஷிங்டன்ல இருக்கிற ஆணையம் நம்ம மனுவைக் கையில எடுக்கும். கோர்ட்டு 'முடியாது'ன்னு எழுதிக் குடுத்த தாள் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"முடியாதுன்னா? எங்க ஊர்லயா?" எவுஃபேமியா சிரித்தாள். "வக்கீலம்மா, இங்க பொண்ணு கேட்டுப் போனாக்கூட முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க. மழை விடட்டும்பாங்க. அப்படிக் கேட்டுட்டு வந்த ஒருத்தனுக்கு இப்ப நாப்பது வயசு. மழை இன்னும் விடல."

4.

நீதிமன்ற எழுத்தர் டோன் வென்செஸ்லாவ் (டோன் என்றால் எங்கள் ஊரில் ஐயா) இப்போது வருகிறார். முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசையும் கடுகடுத்த முகமும் கொடுத்திருந்தேன். இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எவுஃபேமியாவின் மகளுக்கு ஞானத்தகப்பன் அவர். அந்த உறவில் அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள். அவர் அவளைக் கொமாத்ரே என்பார்.

"வாங்க கொமாத்ரே, காப்பி சூடா இருக்கு. ரோஸ்கில்யா ரெண்டு எடுத்துக்குங்க."

"பிஸ்கோத்து கிடக்கட்டும். எங்க மனுவைத் தள்ளிட்டோம்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "என்ன பேச்சு இது! உங்களுக்குப் போய் முடியாதுன்னு என் கையால எழுதுவேனா? நீதிபதி பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. நாளைக்கு வாங்க."

மறுநாளும் போனாள். காப்பி சூடாகவே இருந்தது.

5.

"காரணமில்லாம இழுத்தடிக்கிறதும் மறுக்கிற மாதிரிதான். அதையும் ஆணையம் ஏத்துக்கும்" என்றாள் சியோமாரா. "ஆனா இழுத்தடிச்சதுக்கு ஆதாரம் வேணும்."

எவுஃபேமியா அடுத்த முறை வேறு விதமாகக் கேட்டாள்.

"எனக்கு ஞாபகமறதி, கொம்பாத்ரே. நாளைக்கு வான்னு நீங்க சொல்றதை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்களேன்."

இதிலென்ன கஷ்டம்! முத்து முத்தான கையெழுத்தில், தேதியிட்டு, 'மிகுந்த மரியாதையுடன்' என்று முடித்து எழுதிக் கொடுத்தார். வாரம் தவறாமல் கொடுத்தார். இருபத்து மூன்று சீட்டுகள் சேர்ந்தன.*

* அவற்றுள் ஒன்றில் தம் ஞானமகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் எழுதியிருந்தார். இணைப்பு ஒன்பதாக அதுவும் வாஷிங்டனுக்குப் போயிற்று.

6.

"இதையெல்லாம் வாங்கி என்னதான் பண்றீங்க, கொமாத்ரே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

(எவுஃபேமியா பொய் சொன்னதாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "அந்தப் பொய்யை நானா சொன்னேன்? நீதானே சொல்றே?" என்று பிடித்துக்கொண்டாள். திருத்திவிட்டேன்.)

"வெளிநாட்டு ஆணையத்துக்கு அனுப்பப் போறேன். எல்மெருக்காக. உங்க பேரு இருக்கும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அப்போது அவர் உள்ளத்தில், தம் வேலையும் ஓய்வூதியமும்—

(எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதுவது மரியாதையன்று.)

"அத்தனை சீட்டும் இப்பக் கையில இருக்கா?"

"இருக்கு. ஏன், கிழிக்கவா?"

"எதுலயுமே சீல் இல்லியே. சீல் இல்லாத தாளை அங்க எவன் மதிப்பான்?"

முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, இருபத்து மூன்று முறை குத்தினார்.

7.

மனு கிடைத்ததாகவும், அரசிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆயினும் கதைக்கு முடிவு வேண்டுமே என்று பணிவுடன் இரண்டு எழுதினேன்.

முடிவு அ: கதவு தட்டப்படுகிறது. திறந்தால், எல்மெர்.

முடிவு ஆ: அரசின் விளக்கம் வருகிறது. எல்மெர் என்று ஒருவர் சிறையில் இல்லவே இல்லை என்கிறது அது.

எவுஃபேமியா இரண்டையும் கேட்டுவிட்டுக் கையிலிருந்த மட்டிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"செக்ரட்டரியம்மா, அவனை விடுதலை பண்ண நீ யாரு? நீ பாட்டுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டா, படிக்கிறவங்க சந்தோஷமாத் தூங்கிருவாங்க. அப்புறம் அவனைப் பத்தி யாரு கேப்பா?"

"அப்படியானால் இரண்டாவது முடிவை—"

"அதைப் படிச்சா அழுதுட்டுத் தூங்குவாங்க."

ஆகவே இரண்டையும் அடித்துவிட்டேன். எல்மெர் உள்ளேதான் இருக்கிறான். வாசகரை இப்படிப் பாதியில் நிறுத்துவதற்கு மன்னிக்க வேண்டும். அடுத்த வரியைத் தாங்கள் எழுதுவதாயின், தயவுசெய்து அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். அவன் ஏன் இன்னும் வரவில்லை என்று யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.