சைக்கிள் கடை புனிதா

மலேசியாவில் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவான ஜாலான் பெசாரில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் கடைவீட்டுக்கும் இப்போது அதில் நடக்கும் வியாபாரத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதற்கு முன்னால் என்ன இருந்ததோ அதைத்தான் சொல்வார்கள். பேங்க் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் கோழிச்சோறு விற்கிறார்கள். "பேங்க்ல சாப்பிட்டு வரேன்" என்பார்கள். கள்ளுக்கடை இருந்த கட்டடம் பாலர் பள்ளியாகிவிட்டது. காலையில் தாய்மார்கள் கூச்சமே இல்லாமல் "பிள்ளைய கள்ளுக்கடையில விட்டுட்டு வரேன்" என்று சொல்வதை வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் நேராகப் போலீசுக்குத்தான் போவார்.

புனிதாவுக்கு இதில் சிரிப்பே வராது. இருபது வருடங்களுக்கு மேலாக அவள் ரவிக்கை தைக்கும் கடைவீடு, ஒரு காலத்தில் ஆ சோங் என்ற சீனரின் சைக்கிள் கடை. அவர் சைக்கிள்களைத் தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளில்தான் அவள் தைத்து முடித்த ரவிக்கைகளை மாட்டி வைக்கிறாள். வாசலில் 'புனிதா தையலகம்' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. என்ன பிரயோசனம்? போனை எடுத்தால், "சைக்கிள் கடை அக்காவா?" ஊரில் பாதிப் பெண்களின் கல்யாண ரவிக்கை அவள் கைபட்டது. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

இந்த வருடம் கடைக்காரர் சங்கம் ஒவ்வொரு பழைய கட்டடத்திலும் அதன் பெயரைப் பித்தளைப் பலகையில் பொறித்துப் பதிக்க முடிவு செய்தது. பொறுப்பு மளிகைக்கடை பரமேஸ்வரனிடம் வந்தது. அவர் வழி எளிமையானது. கடைகளுக்கு முன்னால் நடந்துபோகிறவர்களை நிறுத்தி, "இது என்ன கடை?" என்று கேட்பார். ஊர் எதைச் சொல்கிறதோ அதுதான் பலகையில்.

புனிதாவின் வாசலில் எல்லாரும் சைக்கிள் கடை என்றார்கள். போதாததற்கு, உள்ளே அளவு கொடுத்துக்கொண்டிருந்த புஷ்பவல்லியும் எட்டிப் பார்த்து, "சைக்கிள் கடதானே, அண்ணே" என்றாள். புனிதா அளவு நாடாவை அவள் இடுப்பில் கொஞ்சம் இறுக்கியே பிடித்தாள்.

"எனக்கு என்ன புள்ளையா குட்டியா, அண்ணே?" என்றாள் பரமேஸ்வரனிடம். "இந்தக் கடதான். இதுலயும் என் பேரு இல்லன்னா, நான் இந்த ரோட்டுல இருந்தேன்னு நாளைக்கு எவனுக்குத் தெரியும்?"

"ஊரு சொல்றதுக்கு நான் என்ன லா செய்ய?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தார். "சரி, தீபாவளி முடியட்டும். பலகைக்கு ஆர்டர் கொடுக்கறதுக்கு முன்னால உன் கடைக்கு மட்டும் இன்னொரு தடவ கேக்கறேன்."

அன்றிலிருந்து ரவிக்கை வாங்க வந்தவர்களுக்குப் பாடம் நடந்தது. "எங்க தச்சதுன்னு கேட்டா என்ன சொல்லணும்?" "புனிதா தையலகம், அக்கா," என்று ஒப்பிப்பார்கள். படியிறங்கியதும் போனில், "சைக்கிள் கடையில நிக்கறேன், கார எடுத்துட்டு வாங்க."

தீபாவளி நெருங்கியபோது பெய்த மழையில் கூரை ஒழுகத் தொடங்கியது. கூரையைப் பிரித்துத்தான் சரி செய்ய வேண்டும், காலி செய்யுங்கள் என்றார் வாடகை வாங்கும் கட்டடக்காரர். எதிரே பாத்திரக்கடை காலியாகத்தான் கிடந்தது. அதை நடத்தியவர்கள் ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் போய்விட்டார்கள். ஆனாலும் புனிதா அசையவில்லை. இருக்கும்போதே வராத பெயர், வெளியேறினால் வரவா போகிறது? தையல் மெஷினுக்குக் குடை பிடித்து, வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து தைத்தாள்.

ஒருநாள் மாலை, லோகேஸ்வரி என்ற கல்யாணப் பெண்ணின் பட்டில் ஒரு பழுப்புச் சொட்டு விழுந்தது. புனிதாவுக்கு உயிரே போய்விட்டது. கறை எப்படியோ போயிற்று, ஆனால் அடுத்தவர் பட்டோடு விளையாட அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாளே எதிர்க்கடைக்கு மாறினாள். சுவரோடு பதித்திருந்த ஆளுயரக் கண்ணாடியை மட்டும் கழற்ற முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, பாத்திரக்கடையின் வெறும் அலமாரிகளைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இருபது வருட வாழ்க்கையை யாரோ துடைத்துப் போட்டதுபோல் இருந்தது.

கூரை வேலை முடிந்தபோது அவள் தீபாவளித் துணிகளுக்குள் மூழ்கிக் கிடந்தாள். கட்டடக்காரர் காத்திருக்கவில்லை. ராமநாதபுரத்திலிருந்து வந்து போன் ரிப்பேர் செய்யும் அசாருதீனுக்குக் கடையை விட்டுவிட்டார்.

தீபாவளி கழிந்த ஒருநாள் அசாருதீன் சாலையைக் கடந்து அவளிடமே வந்தான்.

"அக்கா, நீங்களே நியாயம் சொல்லுங்க. எம்மாம் பெரிய போர்டு வச்சிருக்கேன். வர்றவங்கல்லாம் போன எடுத்து, 'புனிதா கடையில இருக்கேன்'ங்கறாங்க. நேத்து மளிகைக்கடை அண்ணன் வந்து போறவங்க வர்றவங்கள நிறுத்திக் கேட்டாரு. ஒருத்தர் பாக்கியில்லாம புனிதா கடைதானாம்."

புனிதாவின் கால் மெஷினை மிதிக்காமல் நின்றது. "யாரு சொன்னா?"

"எல்லாருந்தான். புஷ்பவல்லின்னு ஒரு அக்கா, உள்ள வந்து கண்ணாடியில சேலைய சரி பண்ணிக்கிட்டே சொல்றாங்க."

புனிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த ஊரை அன்று கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. அசாருதீன் பயந்துபோனான்.

"அக்கா, நான் தப்பா எதுவும் சொல்லிட்டேனா?"

"இல்ல தம்பி. நீயும் ஒருநாள் காலி பண்ணிட்டுப் போவல்ல, அப்ப உன் பேரச் சொல்லுவாங்க."

மாசி மாதம் பலகை வந்தது. வாசல் தூணில், சாலையைப் பார்க்க, 'புனிதா கடை' என்று பதித்தார்கள். அந்தக் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் அது அவள் கண்ணில் பட்டிருக்காது. இப்போது நூல் கோக்கத் தலையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் தெரிகிறது.

அன்று மத்தியானம் போன் மணியடித்தது. ஏதோ புதுக் குரல்.

"பாத்திரக்கடை அக்காவா?"

புனிதா எதிரே பார்த்துக்கொண்டே, "ஆமாம்மா, பாத்திரக்கடைதான். சொல்லு," என்றாள்.